நின்றதும் நிறுத்தியதும்

மின்சாரம் நின்றுபோவதும், மின்சாரத்தை நாம் நிறுத்துவதும் ஒன்றுதானா? இக்கேள்வியைக் கேட்பவர் நகைக்கக்கூடும். விளக்கு அணைந்தது, விசிறி ஓய்ந்தது. தானே நின்றால் என்ன, ஒருவர் நிறுத்தினால் என்ன, இருள் ஒன்றுதானே என்பர். இலக்கண வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவனும் இப்படித்தான் எண்ணுகிறான். 'நின்றது' தன்வினை, 'நிறுத்தினான்' பிறவினை என்று முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். தேர்வில் இரண்டு மதிப்பெண் தரும் என்பதற்கு மேல் இவ்வேறுபாட்டுக்கு ஒரு பயன் உண்டென்று மாணவர் எவரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் இவ்விரு வினைகளுக்கும் இடைப்பட்ட சிறிய வெளியில் ஒரு மனித உயிர் நிற்கும் இடங்கள் உண்டு. அதை ஒரு தோல் ஷாப்பில் நடந்த பயிற்சியின்போது கண்டேன். நம் குடும்பத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பட்டறைகளிலும் ஆலைகளிலும் கடல் கடந்த நாடுகளிலும் மோட்டார்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே உழைக்கிறார்கள். ஆகவே இது எல்லோரும் அறிய வேண்டிய செய்தி.

எங்கள் திண்டுக்கல்லில் 'ஷாப்பு' என்றால் கடையன்று. தோல் பதனிடும் இடம். பேகம்பூரைச் சுற்றி இத்தொழில் பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் மணக்கும் சந்துகளின் வழியாகத்தான் நான் சிறுவயதில் மதரஸாவுக்குப் போய் வந்தேன். அன்று சுண்ணாம்புக் குழியில் இறங்கி மனிதர் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று மோட்டார்கள் செய்கின்றன. ஆளுயரத்தினும் பெரிய மர டிரம்களுக்குள் தோலும் நீரும் உப்பும் பதனிடும் சாறும் சேர்ந்து சுழல்கின்றன. தரை உலர்வதே இல்லை. வேலை செய்வோரின் கைகால்கள் எந்நேரமும் ஈரம். மின்சாரம் தனக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டுமென்று கேட்டு வாங்கியது போன்ற இடம் அது.

2023ஆம் ஆண்டு அத்தகைய ஷாப்பு ஒன்றின் முதலாளி என்னைத் தேடி வந்தார். என்னிடம் ஓதியவர், இன்றும் என் எதிரில் அமரத் தயங்குபவர். வெளிநாட்டில் தோல் வாங்குவோர், தொழிலாளருக்குப் பாதுகாப்புப் பயிற்சி தந்ததற்குச் சான்று கேட்கிறார்களாம். மதுரையிலிருந்து மின்பொறியாளர் ஒருவர் வந்து மூன்று சனிக்கிழமைகள் பாடம் நடத்தப் போகிறாராம்.

"ஹஜ்ரத், அவர் பாடமெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. நம் ஆட்களுக்குப் புரியும்படி நீங்கள்தான் தமிழில் ஆக்கித் தரவேண்டும்" என்றார்.

"எனக்கும் மின்சாரத்துக்கும் என்ன தம்பி உறவு?" என்றேன்.

"புரியாதவருக்குப் புரியவைப்பதுதானே ஹஜ்ரத் உங்கள் வேலை" என்றார். மறுப்பதற்கு எனக்கு வார்த்தை இல்லை.

முதல் சனிக்கிழமை நாற்பதுக்கும் மேற்பட்டோர் தரையில் பாய் விரித்து அமர்ந்திருந்தனர். அவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் பீகாரிலிருந்து வந்த இளைஞர்கள். பொறியாளர் நல்லவர், விஷயம் அறிந்தவர். திரையில் படங்களைக் காட்டி ஒரு மணி நேரம் விளக்கினார். எல்லோரும் தலையசைத்தனர். பாடம் முடிந்ததும், முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவரிடம், "பெரியவரே, கேட்டதைச் சற்றுச் சொல்லுங்கள்" என்றேன். அவர் எழுந்து நின்று, "கரண்டு பொல்லாதது, ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்னாங்க அய்யா" என்றார். அமர்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரப் பாடத்தில் எஞ்சியது 'ஜாக்கிரதை' என்ற ஒரே சொல். அந்தச் சொல்லை அவர் பாடத்துக்கு முன்பே அறிவார். எதைச் செய்வது, எதை முதலில் செய்வது, யார் செய்வது என்று சொல்லாத 'ஜாக்கிரதை' வெறும் அச்சமே. அச்சம் நான்கு நாளில் பழகிவிடும். பழகிய பின் அது துணிச்சலாக மாறும். நாற்பது ஆண்டு மின்சாரத்துக்கு அருகே வேலை செய்தவர் புதிதாய் வந்தவனைவிட அதிகம் துணிவதற்குக் காரணம் இதுதான்.

மதரஸாவில் நாங்கள் பயின்ற முறை வேறு. உஸ்தாத் ஓதுவார், மாணவன் அதைத் திருப்பி ஓதி ஒப்புவிப்பான், பிழை நேர்ந்த இடத்தில் நிறுத்தித் திருத்துவார். உளூச் செய்யும் முறையைப் புத்தகத்தில் காட்டி முடித்துக்கொள்வதில்லை. ஹவுலின் ஓரத்தில் உட்காரவைத்து, எந்த உறுப்பு முதலில், எது பின்பு என்று கையும் காலும் பழகும்வரை செய்யவைப்பார்கள். இதைப் பொறியாளரிடம் சொன்னேன். அவர் மனம் வருந்தவில்லை. "அப்படியே செய்வோம். அதற்கு முன் நான் உங்களுக்கு ஓதிக் கொடுக்கிறேன், நீங்கள் ஒப்புவியுங்கள்" என்றார். அந்த வாரம் மூன்று மாலைகள் என் வீட்டுத் திண்ணையில் எனக்கு மின்சாரப் பாடம் நடந்தது. ஐம்பது வயது கடந்து மாணவனாவதில் ஓர் இன்பம் உண்டு.

அவர் சொன்னவற்றில் என்னை முதலில் திடுக்கிட வைத்தது அளவுகள்தாம். நம் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் உடலில் ஓடினால் கூச்சம் தெரியும். பத்து மில்லி ஆம்பியர் அளவில் கைத்தசைகள் இறுகத் தொடங்கும். ஐம்பது முதல் நூறு மில்லி ஆம்பியருக்குள், சில நொடிகளிலேயே, இதயம் தன் தாளத்தை இழந்து துடிதுடித்து அடங்கக்கூடும். உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி ஆம்பியர். ஈரத் தரையில் நிற்கும் ஒருவருக்கு ஒரு சிறு பல்பு எடுப்பதில் கால்பங்கே தசையை இறுக்கப் போதும். உடலில் பாயக்கூடியதோ அப்பல்பு எடுப்பதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்.

"பியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்கும் கேள்வி அது. பொறியாளர் சொன்ன பதிலை நான் பின்பு பலருக்கும் சொல்லிவிட்டேன். பியூஸும் எம்.சி.பி.யும் காப்பது கம்பியை, மனிதரை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 16,000 மில்லி ஆம்பியர் வரை அது அசையாது. மனிதர் மாண்டுபோக அதில் முந்நூறில் ஒரு பங்கு போதும். மனிதரைக் காப்பது வேறு கருவி, ஆர்.சி.சி.பி. என்பார்கள். போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்ததா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், யாரோ ஒருவர் உடல் வழியாக அது தரைக்குப் போகிறது என்று கொண்டு, கண்ணிமைக்கும் பொழுதில் துண்டித்துவிடுகிறது. அதில் சோதனைக்கென்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பல இடங்களில், "அடிக்கடி ட்ரிப் ஆகிறது" என்று சொல்லி இக்கருவியையே விலக்கிவிட்டு நேராகக் கம்பி கொடுத்துவிடுகிறார்கள். வீட்டைக் காக்கும் நாய் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டுவது போன்றது இது.

தொழிலாளர் அடிக்கடி சொல்லும் ஒரு சொற்றொடர்: "கரண்டு புடிச்சு இழுத்துக்கிச்சு." அரபியில் மின்சாரத்துக்குக் 'கஹ்ரபா' என்று பெயர். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த நம்மவர் அனைவருக்கும் பழகிய சொல். அது பாரசீகத்திலிருந்து வந்தது; வைக்கோலைக் கவர்வது என்று பொருள். தேய்த்த அம்பர்க் கட்டி துரும்பை இழுப்பதைக் கண்டு முன்னோர் இட்ட பெயர் அது. ஆனால் கம்பியைப் பிடித்த மனிதரை மின்சாரம் துரும்பைப்போல் இழுப்பதில்லை. அவர் தசையே அவர் கையை இறுக்கிப் பூட்டிவிடுகிறது. விட நினைத்தாலும் விரல்கள் திறவா. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தாமே முன்வந்தோரைக் கொண்டு இதை அளந்து பார்த்தார். கம்பியை விட்டுவிடக்கூடிய எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு அதைவிடக் குறைவு என்று கண்டார். அவரே 1961ஆம் ஆண்டு கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி ஒன்றை அமைத்தார்.

'எர்த்து' என்பதற்குத் தமிழ் என்னவென்று பொறியாளர் என்னிடம் கேட்டார். நூல்களில் ஒரு சொல் இருக்கிறது. அதை நான் அறிவேன். ஆனால் இவர்கள் நாவில் இருப்பது 'எர்த்து'தான். ஆபத்து வேளையில் நாவுக்கு எந்தச் சொல் வருமோ அதுவே அவ்விடத்துத் தமிழ் என்றேன். எர்த்து, பேஸ், நியூட்ரல், டெஸ்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நாம் திருத்த வேண்டியது பெயர்ச்சொற்களை அல்ல, வினைச்சொற்களை.

ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 2012ஆம் ஆண்டுவாக்கில் தமிழகத்தின் மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். வயது இருபத்து மூன்று. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; அவன் எழுதிய பலகை ஒன்று நெடுநாள் எங்கள் வகுப்பில் தொங்கிற்று. ஒருநாள் மின்சாரம் நின்றது. அந்த நேரத்தில் பழுதான மோட்டாரைப் பார்த்துவிடலாம் என்று அவனை அனுப்பினார்கள். மெயின் சுவிட்சை எவரும் அணைக்கவில்லை, கரண்டுதான் இல்லையே! கம்பியைப் பிரித்துக் கையில் வைத்திருந்தபோது கரண்டு வந்தது.

மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி: "மின்சாரம் தாக்கி வாலிபர் பலி." இலக்கண ஆசிரியனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, துக்கத்திலும் வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பான். தாக்கியது யார்? மின்சாரம். அப்படியானால் குற்றவாளி மின்சாரம், வேறு எவருமில்லை. சுவிட்சை அணைக்காதவர் அந்த வாக்கியத்தில் இல்லை. அவனை அனுப்பியவர் இல்லை. பூட்டு வாங்கித் தராதவர் இல்லை. அரபி இலக்கணத்தில் செய்தவனின் பெயரை மறைத்துச் சொல்லும் வாக்கியத்தில், அவன் இடத்தில் அமரும் சொல்லை 'நாயிபுல் ஃபாயில்' என்போம். செய்தவனுக்குப் பிரதிநிதி என்று பொருள். மின்விபத்துச் செய்திகளில் எல்லாம் மின்சாரமே பிரதிநிதியாக வந்து நிற்கிறது.

அன்றுமுதல் என் செவியில் ஒலித்துக்கொண்டிருந்த வாக்கியம் 'கரண்டு போயிடுச்சு' என்பது. நாம் ஒவ்வொருவரும் வீட்டில் நாள்தோறும் சொல்வதுதான். அரபியில் 'இன்கதஅத்தில் கஹ்ரபா' என்பார்கள். மின்சாரம் அறுந்துபோயிற்று, தானே. பீகார் இளைஞர்கள் 'பிஜ்லி சலீ கயீ' என்கிறார்கள், அதுவும் போய்விட்டதுதான். மூன்று மொழிகளும் மின்சாரத்தை விருந்தாளியைப்போல் தானே போவதாகவே சொல்கின்றன. தானே போனது தானே வரும். ஜெனரேட்டர் உள்ள இடமாயின் சில நொடிகளிலேயே வரும். நாம் நிறுத்தியதோ நாம் விட்டாலன்றி வராது.

இரண்டாம் சனிக்கிழமை இதைத்தான் பாடமாக்கினோம். "கரண்டு நின்னுடுச்சு" என்று ஒருவர் சொன்னால், எதிரில் இருப்பவர் உடனே "யாரு நிறுத்துனது?" என்று கேட்க வேண்டும். "நான் நிறுத்தினேன்" என்று ஒருவர் தம் பெயர் சொல்லி முன்வராதவரை, கரண்டு இருப்பதாகவே கொள்ள வேண்டும். இருவர் இருவராக நிறுத்தி இதைச் சொல்லிப் பழக்கினோம். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று பாடம் ஏறியது. பீகார் இளைஞர்களுக்கு அறிந்த உருதுவில் சொன்னேன்: "சலீ கயீ" அல்ல, "மைனே பந்த் கியா", நான் நிறுத்தினேன். அவர்களில் ஒருவர், "இதை எங்கள் மொழியில் எங்களுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை" என்றார். ஆபத்து அறிவிப்பை, மண்டை ஓடும் எலும்பும் வரைந்து, அந்தந்த மாவட்டத்து மொழியிலும் எழுத வேண்டுமென்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லியிருந்தன. வேலை செய்பவரின் மொழியில் ஆபத்தைச் சொல்வது சலுகையன்று. அது அவர் உரிமை.

வேலைக்கு முன் செய்ய வேண்டியவற்றை, உளூவைப்போல், வரிசை பிறழாத ஐந்து செயல்களாக்கினோம். ஒன்று, அந்த எந்திரத்தோடு தொடர்புடைய அனைவருக்கும் சொல்லுதல். இரண்டு, அதற்குரிய சுவிட்சை அணைத்தல். மூன்று, அணைத்த சுவிட்சில் தம் சொந்தப் பூட்டைப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுதல். நான்கு, சோதித்தல். ஐந்து, டிரம் தானே உருளாதபடி கட்டை கொடுத்தல். உள்ளே தோல் ஒருபக்கம் குவிந்திருந்தால் மின்சாரம் இல்லாமலேயே அது புரண்டுவிடும்.

சோதிப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் டெஸ்டரை மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு நிறுத்திய இடத்தில். மீண்டும் ஒருமுறை மின்சாரம் உள்ள இடத்தில். டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்பதற்கு, கரண்டு இல்லை என்பதும் பொருளாகலாம். டெஸ்டர் செத்துவிட்டது என்பதும் பொருளாகலாம். ஹதீஸ் கலையில் செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளரின் நம்பகத்தை ஆராய்வது போன்றதே இது. சாட்சியைச் சோதிக்காமல் சாட்சியத்தை ஏற்கலாகாது.

சாவி விஷயத்தில்தான் சிக்கல் எழுந்தது. ஷாப்பின் மேஸ்திரி அனுபவசாலி, கெட்டவர் அல்லர். "ஆளுக்கொரு பூட்டு சரி. எல்லாப் பூட்டுக்கும் இன்னொரு சாவி என்கிட்ட இருக்கணும். ஒருத்தன் சாவியோட டீ குடிக்கப் போயிட்டா, டிரம் நின்னுகிட்டே இருக்குமா? தோல் கெட்டுப்போனா யாரு பொறுப்பு?" என்றார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலாளியும் தலையசைத்தார்.

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "தம்பி, அந்தப் பூட்டு எந்திரத்துக்குப் போட்டதல்ல, ஓர் உயிரைப் பாதுகாத்து வைத்த பெட்டிக்குப் போட்டது. சாவி அந்த உயிருக்கு உரியவரிடம் இருக்கிறது. இன்னொரு சாவி இன்னொருவரிடம் இருந்தால், அவர் உயிர் இருவர் கையில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் அவசரத்தில் இருப்பவர். அமானத்தை அதற்குரியவரிடமிருந்து பிரித்து வைக்கலாமா?" போபாலில் 1984ஆம் ஆண்டு நேர்ந்த பேரழிவுக்குப் பின், 1987ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, தொழிலாளருக்கு வேண்டிய தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவது தொழிற்சாலையை நடத்துவோரின் கடமை என்று எழுதிவைத்தார்கள் என்பதைப் பொறியாளர் எடுத்துச் சொன்னார். பயிற்சி கொடுத்துவிட்டு, பயின்றபடி நடக்கும் அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால் அது பயிற்சியாகுமா? முதலாளி நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "ஒரே சாவி" என்றார்.

சுவிட்சில் தொங்கவிடும் அட்டை கடையில் அச்சடித்து விற்பது. "பழுது பார்க்கப்படுகிறது. இயக்கக் கூடாது" என்றிருந்தது. யாரால் பார்க்கப்படுகிறது? அங்கும் செய்பவர் இல்லை. நாங்கள் வேறு அட்டை செய்தோம். ஒவ்வொருவர் புகைப்படமும் பெயரும் ஒட்டி, கீழே தமிழிலும் இந்தியிலும் எழுதினோம்: "நான் உள்ளே இருக்கிறேன். இதை நிறுத்தியவன் நான். திறப்பவனும் நானே." பெண் தொழிலாளருக்கு அதற்கேற்ப மாற்றி எழுதினோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் முகம் தெரியும். சிவப்பு எழுத்தைக் கடந்து போகும் கை, ஒரு முகத்தைக் கடந்து போகத் தயங்கும்.

மூன்றாம் சனிக்கிழமை மீட்புப் பாடம். மின்சாரத்தில் சிக்கியவரைக் கண்டதும் ஓடிப்போய்ப் பிடிப்பது மனித இயல்பு. அதனால்தான் ஒரு மரணம் இரண்டாகிறது. முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அதற்கு வழியில்லையெனில், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த கட்டையால் கம்பியை அகற்ற வேண்டும். இது வீட்டு மின்சாரத்துக்கும் எந்திர மின்சாரத்துக்கும்தான். உயரழுத்தக் கம்பியாயின் மின்வாரியம் நிறுத்தும்வரை அருகில் செல்லவே கூடாது. மீட்டவருக்கு மூச்சும் அசைவும் இல்லையெனில், ஒருவரை 108க்குப் பேசச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. பழைய அலுவலகச் சுவர்களில் தொங்கும் படங்களில் குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கும் முறை இருக்கும், அது கைவிடப்பட்டுவிட்டது. மார்பை அமுக்கும் இம்முறையை 1960ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த மூவரில் ஒருவரான வில்லியம் கௌவென்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். மின்சாரம் தாக்கியவர்களின் இதயத்தை மீண்டும் இயக்குவது எப்படி என்று ஆராயப் புகுந்தவர். இன்று மாரடைப்பால் விழுந்தவருக்கும் அவ்வழியே கைகொடுக்கிறது. மின்கம்பியில் மடிந்த தொழிலாளருக்கு உலகம் பட்டிருக்கும் கடன் இது.

பயிற்சி முடிந்தது, சான்றும் வந்தது. அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திராது. நான்கு மாதங்கள் கழித்து, ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, முதலாளி காத்திருந்தார். "ஹஜ்ரத், ஒரு பஞ்சாயத்து. நீங்கள் உடனிருக்க வேண்டும்" என்றார்.

நடந்தது இதுதான். இளைஞர் ஒருவர் டிரம் ஒன்றின் உள்ளே தேய்ந்த கட்டைகளை மாற்றும் வேலையில் இருந்தார். முறைப்படி பூட்டியிருந்தார். கருவி ஒன்றை எடுக்க வெளியே வந்தவரிடம், "உள்ளே யாருமில்லையே, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக்கிறேன், சாவியைக் கொடு" என்று மேஸ்திரி கேட்டார். இளைஞர் கொடுக்கவில்லை. வேலை முடியவில்லை, முடிந்ததும் நானே திறப்பேன் என்றார். சொல் தடித்தது. அதற்குள் மின்சாரமும் போய், அரை மணி கழித்து வந்தது. பதனிடக் காத்திருந்த தோல்கள் தாமதமாயின. மேஸ்திரி, "நான் வேணுமா, அவன் வேணுமான்னு முடிவு பண்ணுங்க முதலாளி" என்று சொல்லிவிட்டார்.

அந்த இளைஞரைப் பார்த்தேன். சட்டைப் பையின் மேல் கையை வைத்தபடி நின்றார். வீட்டில் வயதான தாயும் திருமணமாகாத தங்கையும். வேலை போனால் அடுத்த மாதம் அடுப்பு எரிவது கடினம். அதை அறிந்தும் சாவியைக் கொடுக்கவில்லை. முதலாளி அவரிடம் கேட்டார்: "உள்ளே யாரும் இல்லைதானே? கொடுத்திருந்தால் என்ன?"

அவர் சொன்ன பதில்: "யாருமில்லைன்னு மேஸ்திரி நினைச்சாரு முதலாளி. நான் கருவி எடுக்க வரும்போது என்கூட வேலை பார்த்தவர் மறுபக்க வாசல் வழியா உள்ள போனாரா இல்லையான்னு எனக்கே தெரியாது. பார்த்துட்டுத்தான் திறக்கணும்னு சொல்லிக் கொடுத்தீங்க."

உண்மையில் அந்நேரம் உள்ளே எவரும் இல்லை என்று பின்னர் தெரிந்தது. ஆகவே அந்த அரை மணி நேரம் வீண் என்று கணக்கெழுதலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த இடத்தில் முதலாளி தாமாகவே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் மேஸ்திரியின் தோளில் கைவைத்து, "அண்ணே, நாளைக்கு நீங்க உள்ளே இருக்கும்போது நானே வந்து கேட்டாலும் அவன் சாவி கொடுக்க மாட்டான். அப்படி ஓர் ஆள் நம்ம ஷாப்பில் இருப்பது நமக்கு நல்லதுதானே?" என்றார். மேஸ்திரி தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு இளைஞரிடம், "போ, வேலையை முடிச்சிட்டு நீயே திற" என்றார். இன்றும் இருவரும் அங்கேயே வேலை பார்க்கிறார்கள்.

பயிற்சி எங்கே நடந்தது என்று என்னைக் கேட்டால், அந்த மூன்று சனிக்கிழமைகளில் என்று சொல்ல மாட்டேன். அந்த அரை மணி நேரத்தில் நடந்தது என்பேன். எளிய தொழிலாளி ஒருவர் 'நான் நிறுத்தினேன்' என்று சொன்னார். அந்த வாக்கியத்தின் எழுவாயாக அவரே நிற்க மேலிருந்தவர்கள் இடம் கொடுத்தார்கள். இல்மு அமலாக மாறும் இடம் அதுதான். அவ்விடத்தில் முதலாளி வேறு முடிவு எடுத்திருந்தால், நாற்பது பேரும் கற்ற பாடம் மறுநாள் காலையே அழிந்திருக்கும்.

நம் வீடுகளிலும் இப்பாடத்துக்கு இடமுண்டு. ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெண்களே நடத்தும் வீடுகள் நம்மிடையே ஏராளம். மேல்தொட்டி மோட்டார் ஓடாவிட்டால், பக்கத்து வீட்டுப் பையனை அழைத்து, "கரண்டு இல்லாத நேரத்தில் பார்த்துவிடு தம்பி" என்கிறோம். பிளக் உடைந்தால் கம்பியை நேரே சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்குகிறோம். உளூச் செய்த ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிறோம். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எப்படி அணைப்பது என்று வீட்டிலுள்ள எத்தனை பேருக்குத் தெரியும்? குழந்தைகளையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். அணைக்கவும் செய்து பழக்குங்கள்.

என் வகுப்பில் தன்வினை, பிறவினைப் பாடம் இப்போதும் உண்டு. கரும்பலகையில் 'மின்சாரம் நின்றது' என்று எழுதுகிறேன். யார் நிறுத்தியது என்று பையன்கள் ஒரே குரலில் கேட்கிறார்கள்.